தொப்புள் வழியே எடுத்த துண்டு

கடந்த மாதம் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். துளைவழிச் சத்திரசிகிச்சையில் குடலை அறுத்து முடித்தபின், அறுத்த துண்டை வெளியே எடுக்க வயிற்றில் எங்கே வெட்டுவது நல்லது? தொப்புளிலா, இடப்பக்கத்திலா, அடிவயிற்றிலா? தேநீர் ஆறுவதற்குள் நான் பதில் சொல்லி முடித்துவிட்டேன். கட்டுரைகளில் எழுதியிருக்கும் பதில்தான் அது. நீங்களும் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். நீங்கள் கேட்டைத் தாண்டிப் போனபின் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பதிலை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் இன்னும் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் கால் வைக்காத மாணவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி. துளைவழியில் நாம் விரல் நுனி அளவு துளைகளைப் போட்டு, கெமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்து வேலை செய்கிறோம். ஆனால் அறுத்த குடல் துண்டு அந்தத் துளைகளால் வெளியே வராது. அதற்கென்று நான்கு விரல் அகலத்தில் ஒரு வெட்டு வேண்டும். தொப்புளில் ஏற்கெனவே கெமராத் துளை இருப்பதால் அதையே மேலும் கீழும் நீட்டிவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். நடுக்கோட்டில் தசை இல்லை, இரத்தம் இல்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் தசை இல்லாத அந்த இடம் தையலை மட்டும் நம்பி நிற்கிறது. அடிவயிற்றில், சிசேரியன் வெட்டு போடும் இடத்தில் குறுக்காக வெட்டினால் தசைகளை அறுக்காமல் விலக்கிவிட்டுப் போகலாம். வேலை முடிந்ததும் அவை தாமாகச் சேர்ந்துகொள்ளும். அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். சிறுநீர்ப்பை பக்கத்தில் இருப்பதால் கவனமும் கூடுதலாக வேண்டும். இடப்பக்க வெட்டின் நன்மை தீமைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்.

இவ்வளவும் அந்தக் காலத்திலேயே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழையாக இருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

அப்போது நான் கண்டியில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தேன். திகனயில் வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்து படித்து வந்தவன் நான். துளைவழி முறை எங்கள் பக்கத்துக்கு வந்த ஆரம்பக் காலத்திலேயே அதைக் கற்றுக்கொண்டிருந்தேன். என் கை வேகமான கை என்று பெயர். மற்றவர்கள் ஒரு குடலை முடிக்கும் நேரத்தில் நான் ஒரு குடலும் ஒரு பித்தப்பையும் முடிப்பேன் என்று தியேட்டரில் பேசிக்கொள்வார்கள். அது என் காதிலும் விழும். விழவேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன்.

புஷ்பராணி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்து நரம்புகள் மட்டும் கயிறுபோலப் புடைத்திருக்கும். பல மாதங்களாக மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக் கைமருந்து செய்துகொண்டிருந்திருக்கிறார். பரிசோதித்ததில் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில், இடப்பக்கம், புற்றுநோய். நல்லவேளையாக வேறெங்கும் பரவியிருக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வார்ட்டில் பார்த்தேன். வைத்தியசாலை உடுப்பில் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலோரக் கதிரையில் கணவர் தங்கவேல், மடியில் ஒரு பையோடு. நான் புஷ்பராணியின் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். அடிவயிற்றில் பழைய சிசேரியன் தழும்பு ஒன்று.

"என்ன வேல செய்யிறீங்க?"

"கொழுந்து எடுக்கிறேனுங்க, டொக்டரய்யா."

"ம்."

அந்த 'ம்' இப்போதும் என் காதில் கேட்கிறது. கேட்டேன், பதில் வந்தது, அந்தப் பதிலை வைத்து நான் எதுவும் செய்யவில்லை. நோயாளியின் தொழிலைக் கேட்க வேண்டும் என்று படித்திருந்தேன். எதற்காகக் கேட்கிறோம் என்று யோசிக்கவில்லை.

"எப்பங்க ஐயா திரும்ப மலைக்கு வேலைக்குப் போவலாம்?" என்று புஷ்பராணி கேட்டார்.

"மூணு மாசம் கழிச்சுப் போங்க. அதுக்கு முந்திப் போக வேணாம்."

"மூணு மாசமுங்களா?" கணவரைப் பார்த்தார். தங்கவேல், "ஐயா சொன்னா சொன்னதுதான்" என்றார்.

மறுநாள் காலையில் தொடங்கினோம். எனக்கு உதவியாகக் கெமரா பிடித்தவர் டொக்டர் கௌரி. யாழ்ப்பாணத்துப் பெண். எங்களிடம் பயிற்சிக்கு வந்து ஒரு வருடமாகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். ஆனால் நல்ல கை, இழையங்களை நோகாமல் தொடும் கை. குடல் சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. பழைய சிசேரியனால் உள்ளே சில ஒட்டுகள் இருந்தன. அவற்றைப் பிரித்து முடிக்கும்போது நினைத்ததைவிட நேரம் போய்விட்டது. அன்று எனக்கு இன்னொரு நோயாளியும் இருந்தார். நாவலப்பிட்டியிலிருந்து வந்த முதியவர். இரண்டு முறை தியேட்டர் வாசல்வரை வந்து, நேரமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அன்றும் காலையிலிருந்து பட்டினி. மயக்க மருந்து கொடுப்பவர் கடிகாரத்தைப் பார்த்து, "இரண்டு மணிக்குப் பிறகு நான் புதிதாக எதையும் தொடங்க மாட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

குடலை அறுத்தாயிற்று. துண்டை வெளியே எடுக்க வேண்டும். நான் தொப்புளில் இருந்த கெமராத் துளைப் பக்கம் கத்தியைக் கொண்டுபோனேன்.

கௌரி சொன்னார்: "சேர், கீழ எடுப்பமே? பழைய தழும்பு இருக்குத்தானே, அதுக்காலயே போகலாம். இவ தோட்டத்தில வேலை செய்யிறவ."

உண்மையில் அவர் கேட்டது சரியான கேள்வி. நான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோர் முன்னாலும் என் வேகத்தைப் பற்றிச் சொன்ன குறையாக எடுத்துக்கொண்டேன்.

"அந்தத் தழும்புல கைய வெச்சா ஒரு மணித்தியாலம் போயிரும், டொக்டர். அங்க மூத்திரப் பையும் ஒட்டிக்கிட்டு ஈக்கும். வெளியால ஒரு மனிசன் பட்டினி கெடக்கிறார். கெமராவப் புடிங்க."

ஒரு மணித்தியாலம் என்பது பொய். அரை மணி நேரம் போயிருக்கும், அல்லது அதற்கும் குறைவு. கௌரி, "ஓம் சேர்" என்றார். கெமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்புளைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு நீட்டி, துண்டை எடுத்து, குடலை இணைத்து, தைத்து முடித்தேன். தையலில் குறை வைக்கவில்லை. நாவலப்பிட்டி முதியவருக்கும் அன்றே செய்து முடித்தேன். அன்று மாலை நான் சந்தோஷமாக வீடு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புஷ்பராணி ஐந்தாம் நாள் வீடு போனார். துண்டைப் பரிசோதித்த அறிக்கை வந்தபோது நோய் முழுவதுமாக அகற்றப்பட்டிருந்தது. வேறு மருந்து எதுவும் தேவையில்லை என்று முடிவானது. கிளினிக்கில் அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஒரேயடியா போயிருச்சுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரேயடியாகப் போய்விட்டது என்றேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த முறை வரும்போது தோட்டத்து வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்தார்.

நான் சொன்னபடியே மூன்று மாதம் முடிந்த பிறகுதான் மலைக்குப் போனார். ஒரு நாள்கூட முந்திப் போகவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு வருடம் கழிந்து ஒரு கிளினிக்கில் அவர் மீண்டும் என் முன்னால் வந்து நின்றார். தொப்புளுக்குப் பக்கத்தில் தேசிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. இருமச் சொன்னால் தோடம்பழமாகப் பெருத்தது. தையல் விட்டுக்கொடுத்து, வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து, அதற்குள் குடல் பிதுங்கிக்கொண்டு வந்திருந்தது. குடலிறக்கம். என்னோடிருந்த இளம் மருத்துவர் ஒருவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "பாரம் தூக்க வேணாம்."

"அப்ப என்னா வேல செய்யிறதுங்க?" என்று புஷ்பராணி கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பிறகு அவராகவே எழுந்து நின்று எனக்குக் காட்டினார். கொழுந்து எடுக்கப் போகும்போது செடிகள் கிழிக்காமலும் நனையாமலும் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு படங்கு கட்டுவார்கள். முரட்டுச் சாக்குத் துணி, அல்லது தடித்த பொலித்தீன். அதை ஒரு கயிற்றால் இறுக்கி முடிய வேண்டும். கயிறு வரும் இடத்தை இரண்டு கையாலும் காட்டினார். சரியாகத் தொப்புளின் மேல்.

"இந்த எடத்துலதாங்க கவுறு வரும். எறக்கிக் கட்டுனா படங்கு கால தடுக்குது. ஏத்திக் கட்டுனா மூச்சு முட்டுது. குனியிறப்ப அதுக்குள்ள போயி இறுக்குதுங்க. சாயங்காலம் ஆனா வலி தாங்க முடியல."

நான் அவருடைய வயிற்றைப் படுத்த நிலையில் மட்டுமே பார்த்திருந்தேன். நின்றபடி, வேலைக்குப் போகும் கோலத்தில், ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று அடிவயிற்றில் வெட்டியிருந்தால் அந்தக் கயிறு தழும்புக்கு ஒரு சாண் மேலே கிடந்திருக்கும்.

இனி நான் எழுதப்போவதுதான் வெட்டைவிடப் பெரிய பிழை. இதன் காரணத்தைக் கௌரிகூட அறிய மாட்டார்.

அந்தக் கிளினிக் மேசையில் இருந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஓட்டை சிறியது, வெளியே வருவது பெரியது, அதன்மேல் தினமும் கயிறு இறுகுகிறது. இப்படிப்பட்டதில் குடல் ஒரு நாள் மாட்டிக்கொண்டு உள்ளே திரும்ப முடியாமல் போகும். வேறொரு மருத்துவரின் நோயாளி இப்படி வந்திருந்தால் அடுத்த மாதத்துக்குள் கூப்பிட்டுச் சரிசெய்திருப்பேன். புஷ்பராணியின் அட்டையில் 'அவசரமில்லை' என்று எழுதினேன். வயிற்றுக்கு ஒரு பட்டி எழுதிக் கொடுத்தேன். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். பட்டியல் நீளம். அவருடைய முறை வர எட்டு மாதமாகும் என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். அந்த வயிறு என் கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

வலி வந்தால் உடனே வரச் சொன்னேன். சரிங்க என்றார். அந்த ஒழுங்கான மனுஷி அதையும் அப்படியே செய்தார்.

ஆறாவது மாதம், மழைக்காலம். ஒரு நாள் காலையில் மலையில் நின்றபோது வயிற்றில் சுருக்கென்று பிடித்திருக்கிறது. புடைப்பு கல்லாகிவிட்டது. படங்கை அவிழ்த்துவிட்டுச் செடிகளுக்கிடையில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து மருந்தகத்தில் பார்த்துவிட்டுக் கண்டிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். வழியில் மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. அடுத்த பக்கத்துக்கு ஒரு முச்சக்கரவண்டியை வரவழைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்காரவைத்து, நான்கு பேர் சேற்றில் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். தங்கவேல் கதிரையின் முன்கால் ஒன்றைப் பிடித்திருந்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி.

நான் கிளினிக்கை நிறுத்திவிட்டு ஓடினேன். முகம் வெளிறி, நாக்கு வறண்டு, நாடி நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் கையைப் பிடித்தார்.

"திரும்ப வந்துருச்சுங்களா, ஐயா?"

நான் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தியேட்டருக்கு அறிவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாப்பம், பாப்பம். நீங்க பேசாம இருங்க" என்றேன்.

அதே தொப்புள் வெட்டைத் திறந்தோம். சிறுகுடலில் ஒரு முழ நீளத்துக்கு மேல் கறுத்துச் செத்திருந்தது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்து அழுக்கு வயிறெங்கும் பரவியிருந்தது. செத்த பகுதியை அறுத்து எடுத்தேன். கழுவினேன். பிறகு வழக்கப்படி கையை உள்ளே விட்டு ஈரலைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பழைய இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஒழுங்காக ஆறியிருந்தது. வீங்கிய நிணக்கட்டிகள் எதுவும் இல்லை. புற்றுநோயின் சுவடு அந்த வயிற்றில் எங்குமே இல்லை. எனக்கு எதிரில் நின்ற கௌரியும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

புஷ்பராணி அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தில் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் இறந்தார்.

தங்கவேலிடம் நானே சொல்லப் போனேன். கௌரியும் பின்னால் வந்தார். தங்கவேல் நடைபாதை ஓரத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய காற்சட்டையில் அந்தச் சரிவின் செம்மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று நாளாக அவர் வீடு போகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இறந்துவிட்டார் என்று சொன்னேன்.

தங்கவேல் காற்சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, "கேன்சர் திரும்பி வந்தா அப்புடித்தானுங்க. நீங்க செய்யிறதெல்லாம் செஞ்சீங்க" என்றார்.

எனக்கு ஒரு வாசல் திறந்து கிடந்தது. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஒரு கணம் ஆட்டத்தான் நினைத்தேன். பின்னால் கௌரி நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்காவிட்டால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"கேன்சர் வரல்ல, தங்கவேல். மொத ஒப்பரேசன்ல நான் தொப்புள்ல வெட்டினேன். அந்த எடம் பலமில்லாமப் போயிட்டு. அதுக்குள்ள கொடல் மாட்டித்தான் இப்படி ஆச்சு. கீழ வெட்டியிருக்கலாம். அப்படி வெட்டியிருந்தா இது அனேகமா வந்திருக்காது. வந்த பொறகும் நான் சீக்கிரமாச் செய்யல்ல. என்னுடைய பிழை."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப கேன்சரு எங்கயுமே இல்லீங்களா?"

"எங்கயும் இல்ல. நான் கையால தடவிப் பாத்தேன்."

"இத அவகிட்ட யாருமே சொல்லலீங்களே." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "வர்ற வழியெல்லாம் அதத்தான் கேட்டுக்கிட்டு வந்தா. மண்ணுமேல தூக்கிக்கிட்டு வாறப்பவும் கேட்டா. திரும்ப வந்துருச்சுங்களான்னு. நான் என்னத்த சொல்றது? டொக்டரய்யாகிட்ட கேளுன்னேன். உங்ககிட்ட கேட்டிருப்பாளே?"

"கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

பார்ப்போம் என்று சொன்னதாகச் சொன்னேன். தங்கவேல் வாங்கில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். "கேன்சர்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பத்திரங்களில் கையெழுத்து வைத்துவிட்டு உடலைக் கொண்டுபோனார். முறைப்பாடு எதுவும் செய்யவில்லை. எப்படிச் செய்வது என்று வார்ட்டுத் தாதி மிஸ் ஒருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தும் செய்யவில்லை. அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த மாதம் மரணங்களை ஆராயும் கூட்டத்தில் இதை நானே எடுத்து வைத்தேன். கூடியிருந்தவர்கள் அன்பானவர்கள். அன்பினால் எனக்குச் சாக்குகள் தேடித் தந்தார்கள். மண்சரிவால் வந்த தாமதம் என்றார் ஒருவர். நோயாளி சொன்ன நாளுக்கு முந்தியே வேலைக்குப் போயிருப்பார், தோட்டத்து ஆட்கள் சொன்னால் கேட்பதில்லை என்றார் இன்னொருவர். இல்லை, நான் சொன்ன நாளில்தான் போனார் என்றேன். தொப்புள் வெட்டு எல்லோரும் போடுவதுதானே, பலருக்கு ஒன்றும் ஆவதில்லையே என்றார் மூன்றாமவர். அது உண்மை. அதனால்தான் அது அபாயமானது. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை.

முதல் சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கோப்பிலிருந்து எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அதை எழுதியவர் கௌரி, கீழே கையெழுத்து நான். வாசிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். அதில் ஒரு வரி இருந்தது: அடிவயிற்று வெட்டு பரிசீலிக்கப்பட்டது, நேரம் கருதித் தவிர்க்கப்பட்டது. யார் பரிசீலித்தார், யார் தவிர்த்தார் என்று எழுதியிருக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, பரிசீலித்தவர் கௌரி, தவிர்த்தவன் நான் என்று சொன்னேன். கௌரி தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். குடலில் நான் துளைவழி செய்த நோயாளிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, சனிக்கிழமைகளில் வரச்சொன்னேன். எல்லோரும் வரவில்லை. வந்தவர்களை நிற்கவைத்து, இருமச்சொல்லி, தொழிலைக் கேட்டு, அந்தத் தொழிலைச் செய்யும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். நான் அடிவயிற்றில் வெட்டியிருந்தவர்களில் பலருக்குத் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஒருவருக்குப் பல மாதங்களாக அந்த இடம் மரத்துப் போயிருந்தது. இடப்பக்கம் வெட்டப்பட்ட தச்சர் ஒருவர் மரத்தைத் தோளில் தூக்கும்போது அங்கே இழுக்கிறது என்றார். தொப்புளில் வெட்டப்பட்டவர்களில் நன்றாக இருந்தவர்களும் உண்டு. புடைப்போடு இருந்தவர்களும் உண்டு, நான் நினைத்ததைவிட அதிகமாக. அவர்களில் ஒரு பாடசாலை ஆசிரியை. இரண்டு வருடமாக அந்தப் புடைப்பைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார். ஏன் வந்து காட்டவில்லை என்று கேட்டேன்.

"உயிரைக் காப்பாத்தித் தந்தீங்க. இதையும் போய் ஒரு குறையாச் சொல்றதா, டொக்டர்?"

நன்றியுள்ள நோயாளி முறையிடமாட்டார். உங்கள் கிளினிக்கில் யாரும் குறை சொல்லவில்லை என்பதை வைத்து உங்கள் வேலை சரி என்று முடிவு கட்டாதீர்கள். ஆசிரியையின் வயிற்றை அடுத்த மாதமே சரிசெய்தேன். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, முடிந்த இடத்திலெல்லாம் அடிவயிற்று வழியாகவே எடுத்தேன். முடியாத இடங்களும் இருந்தன. வலப்பக்கக் குடலை வெளியே எடுத்து இணைக்க வேண்டியிருந்தபோது நடுக்கோட்டில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் அதற்கான காரணத்தை நோயாளியிடம் முதல் நாளே சொன்னேன். என் வேகம் குறைந்தது. வெளியே பட்டினியோடு காத்திருந்த சிலரைத் திருப்பி அனுப்பவும் நேர்ந்தது. அவர்களுடைய முகங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. இதில் கை சுத்தமாக வெளியே வரும் வழி எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

கௌரியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த வருட முடிவில் அவர் என் அறைக்கு வந்து ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். சத்திரசிகிச்சைப் பயிற்சியிலிருந்து விலகி, சமுதாய மருத்துவத்துக்கு மாற விண்ணப்பித்திருந்தார். என் சிபாரிசு தேவை. நான் அதிர்ந்துபோனேன். அவ்வளவு நல்ல கை என் பயிற்சியில் வந்ததில்லை என்று அவரிடம் நான் ஒரு தடவையும் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னேன்.

"அண்டைக்கு நான் ரெண்டாந்தரமும் கேட்டிருக்க வேணும், சேர்" என்றார் கௌரி. "நீங்கள் ஏசினதும் பயந்திட்டன். எனக்கு நல்லாத் தெரியும், கீழ எடுக்கிறதுதான் சரி எண்டு. தெரிஞ்சுகொண்டே கெமராவப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அது உங்கட பிழை இல்ல, டொக்டர். வெட்டினது நான்."

"எனக்குத் தெரியும் சேர். கூட்டத்தில நீங்கள் சொன்னதும் காணும். ஆனா அதால என்ர பாரம் ஒண்டும் குறையேல்ல."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அது. நான் சிபாரிசை எழுதிக் கையெழுத்திட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துத்தான் கையெழுத்திட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். ஜன்னலால் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்து போனார். இன்று அவர் வடக்கில் ஒரு மாவட்டத்தில் தாய் சேய் நலப் பணியில் இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். நல்லபடியாகச் செய்கிறாராம். தியேட்டருக்குள் அதற்குப் பிறகு அவர் காலெடுத்து வைக்கவே இல்லையாம்.